இருபத்தையாயிரத்தில் ஒருவர்

எங்கள் பாடசாலையின் ஆசிரியர் அறையில் அண்மையில் ஒரு விவாதம் நிகழ்ந்தது. அதற்குக் காரணமாயிருந்தது, என் தாயாரின் கண்ணோய்க்காகப் பாமசியில் நான் வாங்கி வைத்திருந்த சிறிய துளிமருந்துக் குப்பி ஒன்று. மருந்தின் பெயர் குளோரம்பெனிக்கோல். எழுபது ஆண்டுகளுக்கு மேலாக வழக்கிலிருந்துவரும் பழைய நுண்ணுயிர்கொல்லி. பெட்டியினுள்ளே பலவாக மடித்து வைக்கப்பட்டிருந்த தாளை விரித்துப் படித்தபோது, மிக அரிதாகக் குருதி உற்பத்தி நின்றுபோகும் நோய் நேர்ந்ததாக அறிவிக்கப்பட்டுள்ளது என்றொரு வரி கண்ணிற் பட்டது. அருகிலிருந்த விஞ்ஞான ஆசிரியரிடம் அதனைக் காட்டினேன்.

"இதை விழுங்கினாலே 25,000 பேரில் ஒருவருக்குத்தான் அந்த வருத்தம் வரும். கண்ணில் விடுகிறதுக்கு அதுவும் இல்லை. நீர் நாள்தோறும் தொங்கிக்கொண்டு வருகிற பஸ் இதைவிட ஆபத்து, ஐசே!" என்றார் அவர்.

அறையிலிருந்தோர் சிரித்தனர், நானும் சிரித்தேன். நண்பர் கூறிய எண் பொய்யன்று. துளிமருந்தைப் பற்றி அவர் கூறியதும் ஏற்கத்தக்கதே. கண்வழிச் சென்ற மருந்தால் இந்நோய் வந்ததென எழுதப்பட்ட நிகழ்ச்சிகள் உலகம் முழுவதிலும் மிகச் சில. அவற்றையும் ஐயுறுவோர் உளர். பிரித்தானியாவில் 2005 ஆம் ஆண்டிலிருந்து இத்துளிமருந்து வைத்தியரின் சீட்டின்றியே விற்கப்பட்டு வருகின்றது. ஆகவே அன்று மாலையே தாயாரின் கண்ணில் மருந்தை விட்டேன். ஆயினும் அந்த பஸ் உவமை என் மனத்தை விட்டகலவில்லை. 25,000 பேரில் ஒருவர் என்பது ஓர் எண். அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, "ஆகவே கொடுக்கலாம்" என்று சொல்லும் உரிமை யாருக்கு, எப்போது உண்டாகின்றது? இந்த வினாவுக்கு விடை தேடுவோர் குளோரம்பெனிக்கோலின் வரலாற்றைப் படித்தல் வேண்டும். அறநூல்கள் பலவற்றிலும் காணக் கிடைக்காத ஒரு வழக்கு அதில் அடங்கியிருக்கின்றது.

நெருப்புக் காய்ச்சல் என்று நம்மவர் பெயரிட்ட நோயை நினைத்தாலே மூத்த தலைமுறையினரின் முகம் மாறுவதைப் பலரும் கண்டிருப்பர். ஏழு, பதினான்கு, இருபத்தொன்று என நாட்களை எண்ணிக்கொண்டு, கஞ்சித் தெளிவை மட்டும் கொடுத்துக்கொண்டு, படுக்கையருகே விழித்திருந்த காலம் அது. மூன்றாம் வாரத்திலே குடல் துளைபட்டோ குருதி பெருகியோ நோயாளர் இறப்பதுண்டு. பத்துப் பேருக்கு நோய் வந்தால் ஒருவரேனும், சில இடங்களில் அதற்கு மேலும், மாண்டனர். வைத்தியர் செய்யக்கூடியது பெரும்பாலும் காத்திருத்தலே.

1947 இல் தென்னமெரிக்காவின் வெனிசுவேலா நாட்டுத் தலைநகரான கரகாஸின் அருகே எடுக்கப்பட்ட ஒரு பிடி மண்ணிலிருந்து, யேல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் போல் பேர்க்கோல்டர் ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார். அது சுரந்த பொருளே குளோரம்பெனிக்கோல். அமெரிக்காவின் பார்க் டேவிஸ் கம்பனியில் மில்ட்ரெட் ரெப்ஸ்ரொக் என்னும் இளம் இரசாயன அறிஞரும் அவர்தம் கூட்டாளிகளும் அதன் கட்டமைப்பை அறிந்து, 1949 ஆம் ஆண்டளவில் ஆய்வுகூடத்திலேயே அதனை ஆக்கும் வழியைக் கண்டனர். மண்ணையும் நுண்ணுயிரையும் நம்பியிராது முழுக்க முழுக்கத் தொழிற்சாலையில் ஆக்கப்பட்டுச் சந்தைக்கு வந்த முதல் நுண்ணுயிர்கொல்லி அதுவேயாகும்.

இதனிடையே 1948 இல், ஜோசப் ஸ்மேடல், தியடோர் வூட்வேர்ட் முதலிய அமெரிக்க வைத்தியர்கள் உண்ணிக் காய்ச்சலுக்கு இம்மருந்தைச் சோதித்துப் பார்ப்பதற்காகக் கோலாலம்பூர் சென்றனர். உண்ணிக் காய்ச்சலெனக் கருதி மருந்து கொடுக்கப்பட்டோரிடையே நெருப்புக் காய்ச்சலுடையோரும் இருந்தமை பின்னர் தெரியவந்தது. எவரும் எதிர்பாராத வகையில் அவர்களும் குணமடைந்தனர். வாரக்கணக்கில் எரித்த காய்ச்சல் சில நாட்களில் இறங்கியது. நோயாளர் பத்துப் பேரைப் பற்றிய சிறு அறிக்கையொன்று அவ்வாண்டே வெளியாயிற்று. வரலாற்றில் முதன்முறையாக நெருப்புக் காய்ச்சலுக்கு மருந்து கிடைத்தது. அம்மகிழ்ச்சி மெய்யானது. பின்னர் நேர்ந்தவற்றைக் கொண்டு அதனைச் சிறுமைப்படுத்துதல் தகாது.

பின்னர் நேர்ந்தவற்றைக் கூறுமுன் மருந்து தொழிற்படும் விதத்தைச் சிறிது நோக்குவோம். பற்றீரியாக்கள் தமக்கு வேண்டிய புரதத்தை ஆக்கிக்கொள்ளும் நுண்ணிய பொறியொன்று அவற்றினுள் உண்டு. குளோரம்பெனிக்கோல் அப்பொறியிற் புகுந்து அதனை நிறுத்திவிடுகின்றது. நம்முடைய உயிரணுக்களின் உள்ளேயும், சத்தியை ஆக்கும் பகுதிகளில், அதனையொத்த பொறிகள் இருக்கின்றன. மருந்தின் அளவு மிகும்போது அவையும் தடைப்படுகின்றன. என்பு மச்சையிற் குருதி ஊறுவது குறைகின்றது. இது மருந்தை நிறுத்தினால் மீளக்கூடிய தீங்கு. மற்றொரு தீங்கு உண்டு. அது அளவைப் பொறுத்ததன்று. மருந்து உட்கொண்டு வாரங்களோ மாதங்களோ சென்றபின், உட்கொண்டவரே அதனை மறந்துவிட்ட வேளையில், என்பு மச்சை அடியோடு ஓய்ந்துபோகின்றது. உடம்பில் நீலத் தழும்புகள் தோன்றும். முரசிலிருந்து குருதி வடியும். அக்காலத்தில் இதற்கு ஆளானோரிற் பெரும்பாலோர் இறந்தனர். யாருக்கு வரும், யாருக்கு வராது என்பதை முன்கூட்டி அறிதற்கு ஒரு சோதனையும் இருக்கவில்லை. இன்றும் இல்லை. கலிபோர்னியா மாநிலத்திற் செய்யப்பட்டு 1969 இல் வெளிவந்த ஆய்வு, மருந்தை உட்கொண்ட 25,000 பேரில் ஒருவர் முதல் 40,000 பேரில் ஒருவர் வரையில் இவ்வாறு இறக்கலாம் எனக் கணித்தது. நண்பர் கூறிய எண் அங்கிருந்து வந்ததே.

இப்போது பஸ்ஸைப் பார்ப்போம். பஸ்ஸில் ஏறுபவன் ஆபத்தை ஏற்கிறான் என்பது உண்மை. ஆனால் அவனே பாடசாலைக்கும் வந்து சேருகிறான். ஆபத்தும் பயனும் ஒருவனுடையனவே. நெருப்புக் காய்ச்சலிற் கிடந்து இம்மருந்தை உட்கொள்பவனின் நிலையும் அத்தகையதே. மருந்தில்லாவிடின் 25,000 நோயாளரில் 2,500 பேராவது இறப்பர். மருந்தால் இறக்கக்கூடியவர் ஒருவர். அந்த ஒருவரும் மற்றவரைப் போலவே தன் உயிரைக் காப்பதற்காகத் தராசில் ஏறியவர். அவரது மரணம் துயரமானது. அவருக்கு யாரும் அநீதி இழைத்தாரில்லை. இனி அதே குளிசையைத் தடிமன் பிடித்த ஒருவனுக்குக் கொடுத்தாற் சொல்வதென்ன? தடிமன் வைரசினால் வருவது. குளோரம்பெனிக்கோல் அதனைத் தொடுவதேயில்லை. தராசின் ஒரு தட்டிலே 25,000 இல் ஒன்று இருக்கின்றது. மறு தட்டிலே ஒன்றுமேயில்லை. இங்கே எண் எவ்வளவு சிறியது என்று பேசுவதிற் பொருளில்லை. பயன் எவருக்கோ சென்றுவிட்டது. ஆபத்து மட்டும் நோயாளனிடம் தங்கிவிட்டது. மருந்து ஒன்றே, எண் ஒன்றே. ஒருவனுக்கு மருந்தாயிருப்பது மற்றொருவனுக்குக் குற்றமாகின்றது.

நடந்தது இதுதான். 1949 இல் விற்பனைக்கு வந்த மருந்து, குளோரோமைசெற்றின் என்னும் வணிகப் பெயருடன் ஓரிரு ஆண்டுகளில் பார்க் டேவிஸ் கம்பனியை உலகின் பெரும் மருந்துக் கம்பனிகளுள் முன்னணிக்குக் கொண்டு சென்றது. நெருப்புக் காய்ச்சல் அமெரிக்காவில் அருகிவிட்ட நோய். அந்நோயாளருக்கு மட்டும் விற்றிருந்தால் இவ்வளவு இலாபம் வந்திருக்க வழியில்லை. தொண்டை நோ, இருமல், பரு, சிறுநீர்க் கடுப்பு என யாவற்றுக்கும் அது எழுதப்பட்டது. கலிபோர்னியாவைச் சேர்ந்த ஆல்பி வட்கின்ஸ் என்னும் வைத்தியர், தம் சிறுவனான மகனுக்குத் தம் கையாலேயே இம்மருந்தைக் கொடுத்தவர். 1952 இல் அச்சிறுவன் என்பு மச்சை ஓய்ந்து இறந்தான். தந்தை, வழிநெடுக வைத்தியர்களைக் கண்டு இதையொத்த நிகழ்ச்சிகளைத் திரட்டியவாறே நாட்டைக் குறுக்கே கடந்து, உணவு மருந்து நிருவாகத்திடம் முறையிட வாஷிங்டன் சென்றார்.

அவ்வாண்டே நிருவாகம் விசாரித்தது. மருந்து விற்பனையில் இருக்கலாம், ஆனால் எச்சரிக்கை அச்சிடப்படுதல் வேண்டும் எனத் தீர்மானித்தது. அத்தீர்மானத்தை நான் குறைகூற மாட்டேன். மருந்தை அன்று தடைசெய்திருந்தால் நெருப்புக் காய்ச்சல் நோயாளர் பல்லாயிரவர் இறந்திருப்பர். குற்றம் அதற்கடுத்த படியில் நிகழ்ந்தது. அரசாங்கமே நம் மருந்தை ஆராய்ந்து தடையேதுமின்றி அனுமதித்துவிட்டது என்ற தொனியிற் கம்பனி தன் விற்பனையாளருக்குக் கடிதம் அனுப்பியது. வைத்தியரின் வாசலுக்குச் சென்றவர் விற்பனையாளர். எச்சரிக்கை அச்சிட்ட தாள் பெட்டியின் உள்ளே கிடந்தது. விழுந்த விற்பனை மீண்டும் எழுந்தது. செனற்றர் எஸ்டஸ் கீபோவர் நடத்திய விசாரணையில், 1960 இல் இவையெல்லாம் பகிரங்கமாயின. அப்போதும் விற்பனை நிற்கவில்லை. செனற்றர் கேலோர்ட் நெல்சனின் விசாரணைகள் நடந்த 1967, 1968 ஆம் ஆண்டளவில், அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 30 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இம்மருந்தை உட்கொண்டு வந்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது தேவையற்றது என அங்கு சாட்சியமளித்த நிபுணர் கூறினர். 30 இலட்சத்தை 25,000 ஆலும் 40,000 ஆலும் வகுத்துப் பார்க்க என் வகுப்பு மாணவனுக்கும் தெரியும்: 120, 75. எண் சிறிது என்று சிரித்த நாங்கள், எத்தனை பேரால் அதனைப் பெருக்குகின்றனர் என்று கேட்க மறந்துவிட்டோம்.

இவ்விடத்தில் கம்பனியை மட்டும் வில்லனாக்கிவிட்டு நடக்க நம் போன்றோருக்கு ஆசை உண்டு. அது முழு உண்மையாகாது. எழுதிக்கொடுத்தவர் வைத்தியர். அவருள் பலர் எச்சரிக்கையைப் படித்துமிருந்தனர். தம் நோயாளருள் எவரும் இறந்ததை அவர் கண்டதில்லை. 25,000 இல் ஒன்று என்பதன் கொடுமை அதுவே. ஒரு தனி வைத்தியர் தம் வாழ்நாள் முழுவதும் இம்மருந்தை எழுதினும் அதன் தீங்கை ஒருமுறையேனும் காணாமற் போகலாம். தம் அனுபவத்தை நம்பிய நேர்மையான மனிதர்களே தவறிழைத்தனர். அனுபவம் பொய் சொல்லும் இடங்களில் எல்லோருடைய அனுபவத்தையும் ஒன்றுசேர்த்து எண்ணுதற்கு ஒரு பொது அமைப்பு வேண்டும். நோயாளரும், ஏதாவது வலுவான மருந்து தாருங்கள் என்று கேட்டவர்தாம். குளிசை தராத வைத்தியரை நம்மூரிலும் யார் மதிக்கின்றனர்?

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திலே நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து பணிசெய்வோன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுப்பார். பல்கலைக்கழகத்தில் இவ்வதிகாரத்தைப் படித்த காலத்தில், இப்பகுப்பு முழுமையானது என்றே எழுதிப் புள்ளி வாங்கினேன். இன்று அதில் ஐந்தாமவன் ஒருவன் சேர்ந்திருக்கிறான். அவன் நோயாளனைக் காண்பதில்லை. மருந்தை அறிபவனும் அவன், அறிந்ததில் எதைச் சொல்வது எதை மறைப்பது என்று தீர்மானிப்பவனும் அவன். மருத்துவன் அறிவது பெரும்பாலும் அவன் சொல்லக் கேட்டே. தராசைப் பிடிப்பவனே பண்டத்தையும் விற்கும் நிலை இது. சந்தையில் மீன் வாங்கும் எந்தத் தாயும் இதன் பொருளை அறிவாள்.

1959 இல் வெளிவந்த மற்றோர் ஆய்வை இங்கு விரித்துக் கூற விரும்புகின்றேன். அதில் ஒரு சங்கடமான பாடம் இருக்கின்றது. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் பொது ஆஸ்பத்திரியில், பனிக்குடம் உடைந்து ஒரு நாளுக்கு மேற் சென்றபின் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொற்று வராமற் காக்கும் நோக்குடன், முன்கூட்டியே நுண்ணுயிர்கொல்லி கொடுப்பது வழக்கமாயிருந்தது. இவ்வழக்கம் பயனுள்ளதா என அறிய விரும்பிய வைத்தியர்கள் குழந்தைகளை நான்கு பிரிவாக்கினர்: ஒரு பிரிவுக்கு மருந்தேயில்லை, ஒன்றுக்குப் பெனிசிலினும் ஸ்ரெப்ரோமைசினும், ஒன்றுக்குக் குளோரம்பெனிக்கோல், ஒன்றுக்கு மூன்றும். குறைமாதக் குழந்தைகளில், மருந்தே பெறாதோரிலும் பெனிசிலின் பிரிவினரிலும் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினர் இறந்தனர். குளோரம்பெனிக்கோல் பெற்ற இரு பிரிவுகளிலும் பாதிக்கு மேற்பட்டோர் இறந்தனர். வயிறு ஊதி, உடல் சாம்பல் நிறமாகிக் குளிர்ந்து அக்குழந்தைகள் மாண்டன. குறைமாதக் குழந்தையின் ஈரல் இம்மருந்தை மாற்றி வெளியேற்றும் திறனை இன்னும் பெற்றிராதது. கொடுத்த மருந்து உடலிலேயே சேர்ந்து நஞ்சாயிற்று.

ஒரு பிரிவு குழந்தைகளுக்கு மருந்தே கொடாது விட்டது கொடுமை என்று அன்று யாரேனும் கூறியிருப்பின், நாமும் அவரோடு சேர்ந்திருப்போம். அன்பு என்பது எதையாவது கொடுப்பது என்றே நாம் பழகியிருக்கின்றோம். ஆனால் கொடாது விடப்பட்ட அக்குழந்தைகள் இல்லையேல், கொடுத்ததாற் குழந்தைகள் இறக்கின்றன என்பது வெளிப்படவே வழியில்லை. குறைமாதக் குழந்தைகள் இறப்பது இயல்பே என்று சொல்லி, அன்போடும் அக்கறையோடும் ஊசியைப் போட்டுக்கொண்டே இருந்திருப்பர். அவ்வாய்வுக்கு முன் எத்தனை ஆஸ்பத்திரிகளில் எத்தனை குழந்தைகள் அவ்வாறு இறந்தன என்பதற்குக் கணக்கு இல்லை. நல்ல மனம் தனியே போதாது. அது தன்னைத்தானே சோதித்துக்கொள்ளவும் துணிய வேண்டும் என்பதை நான் இதிற் காண்கின்றேன். ஆசிரியத் தொழிலிலும் இது பொருந்தும். ஆயினும் அது வேறு கதை.

1968 க்குப் பின் அமெரிக்காவில் இம்மருந்தின் பாவனை சரிந்தது. ஆனால் எச்சரிக்கை கடலைத் தாண்டவில்லை. மில்ற்றன் சில்வர்மன் 1976 இல் வெளியிட்ட நூலொன்று, ஒரே கம்பனிகள் ஒரே மருந்துகளைப் பற்றி அமெரிக்க வைத்தியருக்கு ஒன்றும் இலத்தீன் அமெரிக்க வைத்தியருக்கு வேறொன்றும் கூறியதை வரிசைப்படுத்திக் காட்டியது. குளோரம்பெனிக்கோல் அவற்றுள் ஒன்று. வட அமெரிக்காவில் உயிருக்கு ஆபத்தான சில நோய்களுக்கு மட்டும் எனக் கூறப்பட்டது, தெற்கே பல சாதாரண நோய்களுக்கும் உரியதாகப் பரிந்துரைக்கப்பட்டது. எச்சரிக்கை சுருங்கியது, சில இடங்களில் மறைந்தது. மனித என்பு மச்சை தேசத்துக்குத் தேசம் வேறுபடுவதில்லை. வேறுபட்டது, கேள்வி கேட்கும் செனற் சபை அந்நாடுகளில் இல்லாமையே.

இதற்குப் பற்றீரியாக்களும் தம் வழியில் விடை கூறின. கண்ட கண்ட நோய்க்கெல்லாம் கொடுக்கப்பட்ட மருந்தை எதிர்த்து நிற்க அவை கற்றுக்கொண்டன. 1972 இல் மெக்சிக்கோவிற் பரவிய நெருப்புக் காய்ச்சல் குளோரம்பெனிக்கோலுக்கு அடங்கவில்லை. 10,000 க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். அதே ஆண்டிலே கேரளத்துக் கோழிக்கோட்டிலும் மருந்துக்கு அடங்காத கிருமி அறியப்பட்டது. தடிமனுக்கு விழுங்கப்பட்ட குளிசை, விழுங்கியவனோடு நின்றுவிடவில்லை. பின்னொரு காலத்தில் நெருப்புக் காய்ச்சலிற் கிடந்த வேறொருவனின் மருந்தை அது பறித்துக்கொண்டது. நண்பரின் 25,000 இல் ஒன்று என்னும் கணக்கில் இந்த மனிதன் இடம்பெறவேயில்லை.

இன்னொரு செய்தி. 2001, 2002 ஆம் ஆண்டுகளில் சீனா, வியட்நாம் முதலிய நாடுகளிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற இறாலில் குளோரம்பெனிக்கோலின் எச்சம் காணப்பட்டது. பண்ணை இறால் நோயுறாதிருக்க நீரில் மருந்து கலக்கப்பட்டதன் விளைவு அது. உணவுக்கான உயிரினங்களுக்கு இம்மருந்தைக் கொடுப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 1994 இலேயே தடைசெய்திருந்தது. பாதுகாப்பான அளவு இதுவென எதையும் வரையறுக்க இயலாதென்பதால், நூறு கோடியில் ஒரு பங்கிலும் குறைந்த அளவுக்காகவும் இறால் தடுக்கப்பட்டது. ஐரோப்பியனின் உணவுத்தட்டு இவ்வாறு காக்கப்படுவது சரியே. ஆனால் இறாலை வளர்க்கும் நாடுகள் பலவற்றில் அதே மருந்து சீட்டின்றிக் குளிசையாக விற்கப்பட்டபோது இத்தகைய பரபரப்பு எழவில்லை என்பதையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும்.

இவ்வளவையும் படித்த மாணவர் ஒருவர், "அப்படியாயின் செல்வந்த நாடுகள் கைவிட்ட மருந்தை ஏழை நாடுகளுக்குக் கொடுப்பதே அநீதி, அதை எங்கும் தடைசெய்ய வேண்டும்" என முடிவு செய்யக்கூடும். நானும் சில காலம் அவ்வாறே எண்ணினேன். அதனை மாற்றியது ஆபிரிக்காவைப் பற்றிய வாசிப்பு.

சகாராவின் தெற்கே, மேற்கிலிருந்து கிழக்காக நீளும் நாடுகளில், வறள் காலந்தோறும் மூளைக்காய்ச்சல் பரவுவதுண்டு. வைத்தியமில்லாவிடின் நோயுற்றோரிற் பாதிப்பேர் இறப்பர். 1996 இல் அங்கு பரவியது வரலாற்றிற் பதிவானவற்றுள் மிகப் பெரியது: 2,50,000 க்கு மேற்பட்டோர் நோயுற்றனர், ஏறத்தாழ 25,000 பேர் மாண்டனர். ஆஸ்பத்திரிக் கட்டில் நிரம்பி, மரநிழலிற் பாய் விரித்துக் கிடத்தப்பட்ட நோயாளர் ஆயிரக்கணக்கினர். நாளுக்குப் பலமுறை ஊசி போடத் தாதியருமில்லை, சேலைன் ஏற்ற வசதியுமில்லை. அங்கே எண்ணெயிற் கலந்த குளோரம்பெனிக்கோல் ஊசி பயன்பட்டது. ஒருமுறை தசையில் ஏற்றினாற் போதும், பல நாள் உடலிற் சிறிது சிறிதாகக் கலந்து வேலை செய்யும், விலையும் குறைவு. பாரிஸ் நகரத்து வைத்தியர் தம் பிள்ளைக்கு அதைக் கொடுக்கமாட்டார் என்பது உண்மை. ஆனால் பாய்மேற் கிடக்கும் குழந்தையின் தராசில் இருப்பது பாரிஸ் ஆஸ்பத்திரி அன்று. இரண்டில் ஒன்று என்னும் மரணம். சமத்துவத்தின் பெயரால் அந்த ஊசியைத் தடுப்பவன், அக்குழந்தையின் உயிரைக் கொடுத்துத் தன் கொள்கையைக் காப்பவனாவான்.

அதே 1996 இல், நைஜீரியாவின் கானோ நகரத் தொற்றுநோய் ஆஸ்பத்திரியில், ஒருபுறம் எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பினர் குளோரம்பெனிக்கோல் கொடுத்து வைத்தியம் செய்துகொண்டிருந்தனர். மறுபுறம் பைசர் கம்பனி, ட்ரோவபுளொக்சசின் என்னும் தன் புதிய மருந்தைச் சோதித்தது. 200 குழந்தைகள் அதிற் சேர்க்கப்பட்டனர்; பாதிப்பேருக்குப் புதிய மருந்து, பாதிப்பேருக்கு செப்ட்ரியாக்சோன். 11 குழந்தைகள் இறந்தனர். பெற்றோரிடம் உரிய சம்மதம் பெறப்படவில்லை, ஒப்பீட்டு மருந்து குறைத்துக் கொடுக்கப்பட்டது என்பன குற்றச்சாட்டுகள். கம்பனி அவற்றை மறுத்தது. 2009 இல் கானோ மாநிலத்துடன் 7.5 கோடி டொலருக்கு இணக்கம் ஏற்பட்டது. இறந்தோர் தொகை பரவிய நோயின் சராசரியைவிடக் குறைவென்று கம்பனி வாதிட்டது. இருக்கலாம். எனினும் ஒரே முற்றத்தில் இரு தராசுகள் நின்றன. ஒன்றில் குழந்தையின் நன்மைக்காகக் குழந்தையின் ஆபத்து நிறுக்கப்பட்டது. மற்றதில் புதிய மருந்தின் சந்தையும் சேர்த்து நிறுக்கப்பட்டது என்ற ஐயத்தை இன்றுவரை யாரும் நீக்கவில்லை. பழைய, ஆபத்து அறியப்பட்ட மருந்து அங்கே அறத்தின் பக்கம் நின்றது. புதியது எல்லாம் முன்னேற்றம் என்று நம்புவோர் இதனைச் சிந்தித்தல் நலம்.

மாணவரின் கோபத்தில் நியாயமில்லை என்று நான் கூறவில்லை. அந்த ஊசியைத் தவிர வேறு வழியில்லாத நிலையை ஆக்கியது யார் என்னும் வினா அப்படியே நிற்கின்றது. அதற்கு விடையாக ஊசியைப் பறிப்பது மட்டுமே தவறு. 2003 இல் நைஜர் நாட்டிற் பரவிய நோயின்போது நடந்தது எனக்கு ஆறுதல் தந்தது. எண்ணெய்க் குளோரம்பெனிக்கோலையும் செப்ட்ரியாக்சோனையும், இரண்டையும் ஒற்றை ஊசியாக, 500 க்கு மேற்பட்ட நோயாளரிடம் நேர்மையாக ஒப்பிட்டுப் பார்த்தனர். இரண்டும் சமமாகவே காத்தன. செப்ட்ரியாக்சோனின் விலையும் அதற்குள் இறங்கியிருந்தது; கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அது பொருந்தும். ஆகவே பின்னர் அது முதலிடம் பெற்றது. பழைய மருந்து இவ்வாறு விடைபெறுவதே முறை.

நம் நாட்டிலும் இவ்வினாவை எழுப்பியோர் உளர். வைத்தியரும் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் பேராசிரியர் சேனக பிபிலேயும் 1971 இல் அளித்த அறிக்கையின் வழி, அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. இறக்குமதியான 2,000 க்கு மேற்பட்ட மருந்துகள் ஏறத்தாழ 600 ஆகக் குறைக்கப்பட்டன. வணிகப் பெயருக்குப் பதிலாக மருந்தின் பொதுப்பெயரால் வாங்கவும் எழுதவும் வழி செய்யப்பட்டது. பிபிலே இதனைச் சிக்கனத்துக்காகச் செய்தார் என்றே பலர் எழுதுவர். எனக்கு அது தராசைப் பற்றிய செயலாகத் தோன்றுகின்றது: எந்த மருந்து யாருக்கு வேண்டும் என்று தீர்மானிப்பவன் அதனை விற்பவனாக இருத்தலாகாது. அவர் 1977 இல் கயானாவில் காலமானார்.

குளோரம்பெனிக்கோல் இன்னும் சாகவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2023 ஆம் ஆண்டு அவசிய மருந்துப் பட்டியலிலும் அது இடம்பெற்றுள்ளது. 2016 முதல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்திற் பரவிய நெருப்புக் காய்ச்சல், செப்ட்ரியாக்சோன் உட்படப் பல மருந்துகளுக்கு அடங்கவில்லை, குளோரம்பெனிக்கோலுக்கும் அடங்கவில்லை. ஆனால் இந்தியாவின் சில பகுதிகளில், நீண்டகாலம் பயன்படுத்தாது விட்டதால், பழைய மருந்துக்குக் கிருமிகள் மீண்டும் அடங்கத் தொடங்கியுள்ளன என ஆய்வாளர் எழுதியுள்ளனர். ஒரு தலைமுறை கைவிட்ட மருந்தை இன்னொரு தலைமுறை கையில் எடுக்க நேரலாம். அப்போது பழைய எண்ணும் அதனுடன் கூடவே வரும்.

இவற்றையெல்லாம் மறுநாள் விஞ்ஞான ஆசிரியரிடம் கூறினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீர் சொல்வது சரி, ஆனால் என் பிள்ளைக்கு நெருப்புக் காய்ச்சல் வந்து வேறு மருந்தில்லையென்றால் நான் இதைக் கொடுப்பேன்" என்றார். நானும் கொடுப்பேன் என்றேன். கொடுக்குமுன் அந்த எண்ணை எனக்குச் சொல்லவேண்டும், அவ்வளவுதான்.

தாயாரின் கண் நான்கு நாளிற் குணமாயிற்று. குப்பியைத் திறந்து ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கலாகாது என்பதனால் எறியப் போனபோது, பெட்டியினுள்ளிருந்த தாளை அவர் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். "இதிலே என்ன தம்பி எழுதியிருக்கு?" என்று கேட்டார். இருபுறமும் நுண்ணிய எழுத்தில் நிறைந்திருந்த அத்தாள் முழுவதும் ஆங்கிலத்திலேயே இருந்தது.